நெத்திக் கோட்டுக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். காலையில தஞ்சாவூர் போகணும், நெத்தியில இருக்கிற கோட்டை எடுத்துக்கணும், நாலு மணி பஸ்ஸுக்கு வீடு திரும்பணும்.

கோடுன்னா விபூதிக் கோடு இல்லைங்க. ரெண்டு புருவத்துக்கும் நடுவுல நெட்டுக்குத்தா ரெண்டு கோடு. பதினொண்ணுன்னு யாரோ எழுதி வச்ச மாதிரி இருக்கும்.

எனக்கு அம்பத்தெட்டு வயசு. ஊரு அம்மாபேட்டை பக்கம். எட்டாவது வரைக்கும் படிச்சேன். யாரையும் அதட்டிப் பேசிப் பழக்கமில்லை. எங்க வீட்டுக்கு வர்ற பூனை கூட என்னைக் கேட்டுட்டுப் பாலைக் குடிச்சதில்லை. ஆனா முகத்தைப் பாத்தா மட்டும் மாமியாருக்கு மாமியார் மாதிரி இருக்கும். எல்லாம் அந்தப் பதினொண்ணு பண்ற வேலை.

இத்தனை வருஷமா அதை நான் கண்டுக்கவே இல்லை. பையன் கல்யாணப் பேச்சு எடுத்த பிறகுதான் அது கண்ணுல பட்டுச்சு.

பையன் பேரு செந்தில். முப்பத்தி மூணு வயசு. சிங்கப்பூர்ல வேலை. ஒரு மாச லீவுல வந்திருந்தான், இந்தத் தடவை முடிச்சிடணும்னு. முதல்ல ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க எங்க வீடு பாக்க வந்தாங்க. காபி கொடுத்தேன். சர்க்கரை பத்துச்சோ பத்தலையோன்னு ஒரு கவலை. அவங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஒவ்வொருத்தர் முகமா உத்துப் பாத்துக்கிட்டே நின்னேன்.

மறுநாள் தரகர் போன் பண்ணினாரு. பையன் தங்கமாம். வீடு, நிலம் எல்லாம் திருப்தியாம். அந்தம்மாவைப் பாத்தாதான் பொண்ணு பயப்படுதாம்.

"நான் என்னடி பண்ணினேன்?" ன்னு என் பொண்ணு கவிதாகிட்ட கேட்டேன். அவளைத் தஞ்சாவூர்ல கட்டிக்கொடுத்திருக்கோம்.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. பாத்தே. அவ்வளவுதான்."

ரெண்டாவது வரன் வந்தப்போ விடாம சிரிச்சேன். வாசல்ல செருப்பு விடுறதுல இருந்து மறுபடி செருப்பு மாட்டுற வரைக்கும் சிரிப்புதான். அதுவும் தட்டிப் போச்சு. வாய் சிரிக்குது, நெத்தி சிரிக்கலைன்னு பேசிக்கிட்டாங்களாம். அதுதான் இன்னும் பயமா இருந்துச்சாம்.

மூணாவதா வந்தது பேராவூரணி வரன். பொண்ணு பேரு சுகன்யா, தஞ்சாவூர்ல ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ். ஜாதகம் அப்படிப் பொருந்தியிருந்துச்சு. செந்தில் அந்தப் பொண்ணு போட்டோவைப் பாத்துட்டு, சாப்பாட்டுல உப்பு இல்லைன்னு கூடச் சொல்லாம சாப்பிட்டான். அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பொண்ணு பாக்கப் போற நாளு ஞாயித்துக்கிழமை, இன்னும் பதினோரு நாள் இருந்துச்சு. அது முடிஞ்ச நாலாம் நாள் இவனுக்குப் பிளைட்டு.

என் நெத்தியால என் புள்ளை வாழ்க்கை நிக்கக்கூடாதுன்னு சாமிகிட்ட அழுதேன். சாமி ஒண்ணும் சொல்லல. கவிதாதான் சொன்னா, அதுக்கு ஊசி இருக்குன்னு.

எங்க வீட்டுக்காரர்கிட்ட உண்மையைச் சொல்ல முடியாது. அவரு மாட்டுக்கு ஊசி போட்டாலே அந்தப் பக்கம் திரும்பிக்கிற ஆளு. முகத்துல ஊசின்னா ஊரைக் கூட்டிடுவாரு. அதனால கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போறோம்னு சொல்லிட்டோம். கவிதாதான் சொன்னா. நான் தலையை மட்டும் ஆட்டினேன். பொய்யில பாதி அவளுது, பாதி என்னுது.

அந்த ஆஸ்பத்திரிக்குள்ள போனா, எங்க பாத்தாலும் கண்ணாடி. உக்காந்திருந்தவங்க எல்லாரும் ஏற்கெனவே அழகா இருந்தாங்க. என்னத்தை எடுக்க வந்தாங்களோ தெரியல. ஒரு பாரம் கொடுத்து, என்ன காரணத்துக்காக வந்திருக்கீங்கன்னு எழுதச் சொன்னாங்க. நான் 'பையன் கல்யாணம்'னு எழுதிக் கொடுத்தேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு அதைப் படிச்சுட்டு, இன்னொரு பொண்ணுகிட்டயும் காட்டிச்சு.

டாக்டருக்குக் கவிதா வயசுதான் இருக்கும். தங்கமான பொண்ணு. என்னைக் கோபப்படச் சொன்னாங்க. எந்தத் தசை எப்படி இழுக்குதுன்னு பாக்கணுமாம். எனக்குச் சொன்ன உடனே கோபம் வரல. உம்முன்னு உக்காந்துக்கிட்டிருந்தேன்.

கவிதா பக்கத்துல வந்து, "அம்மா, களத்துல நெல்லு கொட்டிக் கிடக்கு, மழை வந்துடுச்சுன்னு நெனச்சுக்கோ" ன்னா.

டாக்டர் நாற்காலியோட கொஞ்சம் பின்னாடி போனாங்க.

"எப்பல்லாம்மா இப்படி முகத்தைச் சுருக்குவீங்க?"

நெல்லு காயப் போடும்போது வெயில்ல கண்ணு கூசும்னு சொன்னேன். அப்புறம் சாமி கும்பிடும்போது. கண்ணை இறுக்கி மூடிக்குவேன். இல்லைன்னா மனசு அடுப்புல வச்ச குழம்புக்கு ஓடிடும். கல்யாணமான நாள்ல இருந்து தினம் ரெண்டு வேளை இப்படித்தான்.

அப்ப இந்தக் கோட்டுல பாதி சாமிக்காக வந்ததுன்னு டாக்டர் சொன்னாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. விபூதி பூசுற கோடு தண்ணி பட்டா போயிடும். கும்பிட்டு வந்த கோட்டுக்கு ஊசி தேவைப்படுது.

அப்புறம் விளக்கமா சொன்னாங்க. ஊசியில பல தினுசு இருக்காம். முதல் தினுசு, தசையைக் கொஞ்ச நாள் தூங்க வைக்கும். தசை இழுக்காது, அதனால கோடு விழாது. மூணு நாலு மாசத்துல தானா முழிச்சுக்கும். ரெண்டாவது தினுசு, களி மாதிரி ஒண்ணை உள்ள வச்சு, ஒட்டிப்போன கன்னத்தை நிரப்பும். அது போட்ட அன்னிக்கே தெரியும். மூணாவது ஒண்ணு, நம்ம சதையையே மெதுவா வளர வைக்கும். அதுக்கு மாசக்கணக்கு ஆகும்.

நான் என் பாஷையில புரிஞ்சுக்கிட்டேன். முதல் ஊசி, மடையை அடைக்கிற மாதிரி. ரெண்டாவது, பள்ளத்துல மண்ணடிச்சு மட்டம் பண்ற மாதிரி. மூணாவது சம்பாப் பயிரு, நமக்கு அவ்வளவு நாள் இல்லை.

"எதுவும் போடாமலும் இருக்கலாம்மா. உங்க வயசுக்கு முகம் நல்லாத்தான் இருக்கு. சாப்பிட்டுட்டு, யோசிச்சுட்டு வாங்க" ன்னாங்க டாக்டர்.

இதை நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. நான் வச்சுக்கல.

வெளியில வந்ததும் கவிதாவுக்கும் எனக்கும் தர்க்கம். நெத்திக்கு முதல் ஊசி போடுவோம்னு அவ. கன்னம்தான் ஒட்டிக் கிடக்கு, அது நிரம்பினா முகமே சாந்தமாயிடும், ரெண்டாவதைப் போடுவோம்னு நான். எங்க பெரியம்மா கன்னம் ரெண்டும் பணியாரம் மாதிரி இருக்கும். அவங்க திட்டினா கூட யாரும் பயந்ததில்லை.

தெருக்கோடியில ஒரு பிள்ளையார் கோயில் இருந்துச்சு. பூக்கட்டிப் பாத்துடலாம்னு சொன்னேன்.

எங்க வீட்டுல நெலம் வாங்கினது, கவிதாவைக் கட்டிக்கொடுத்தது, செந்தில் சிங்கப்பூர் போனது எல்லாமே பூக்கட்டிப் பாத்துத்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னாடி வச்சு ஒண்ணை எடுக்கச் சொல்றது. எந்தப் பூ வருதோ அதுதான் உத்தரவு. ஒரு தடவையும் தப்பினதில்லை.

கவிதா பூ வாங்கி, இலையில மடிச்சுக் கட்டினா. நான் கண்ணை இறுக்கி மூடி வேண்டிக்கிட்டேன். குருக்கள் என்ன காரியம்னு கேட்டாரு. நல்ல காரியம்தான்னு சொன்னேன். அவரும் பெருசா விசாரிக்கல. ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிச்சாரு. வெள்ளை. நந்தியாவட்டை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. பாத்தியா, பிள்ளையாரே கன்னத்துக்குப் போடச் சொல்லிட்டாருன்னேன்.

கவிதா என்னையே பாத்தா. "அம்மா, வெள்ளைன்னா நெத்தி. நான் அப்படி நெனச்சுத்தானே கட்டினேன்."

வேண்டிக்கிட்டவ நான். கட்டினவ அவ. ரெண்டு பேரும் மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டோம், வாயைத் திறந்து ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கல. குருக்கள்கிட்ட பஞ்சாயத்துக்குப் போனோம். அவரு ரொம்ப நிதானமா சொன்னாரு, பிள்ளையாரு பூவைத்தான் எடுத்துக் கொடுப்பாரு, எந்தப் பூ எதுக்குன்னு நீங்கதான் முன்னாடியே பேசி வச்சுக்கணும்னு. மறுபடி கட்டிப் பாக்கலாமான்னு கேட்டேன். ஒரே காரியத்துக்கு ரெண்டு தடவை கேக்கக்கூடாதுன்னுட்டாரு.

வெள்ளைப் பூவைக் கையில வச்சுக்கிட்டே டாக்டர்கிட்ட திரும்பிப் போனோம்.

டாக்டர் கதையை முழுசாக் கேட்டாங்க. சிரிக்கல. பேனா மூடியைத் திறந்தாங்க, மூடினாங்க. அப்புறம் சொன்னாங்க, உங்களுக்குப் பிரச்சினை கோபக்கார முகம்னா அது நெத்தியில இருக்கு, கன்னத்துல இல்லை, அசையும்போது விழுற கோட்டுக்கு முதல் ஊசிதான் சரின்னு. நிரப்புற ஊசியைப் புருவத்துக்கு நடுவுல அவங்க போடவே மாட்டாங்களாம். ரத்தக்குழாய் ஓடுற இடமாம்.

"பிள்ளையாரும் அதைத்தான் சொன்னாரு" ன்னா கவிதா.

ஊசி ஒண்ணும் பெருசா வலிக்கல. அஞ்சாறு கட்டெறும்பு வரிசையாக் கடிச்ச மாதிரி இருந்துச்சு. முடிஞ்சதும் டாக்டர் ஒவ்வொரு விரலா மடக்கிச் சொன்னாங்க. நாலு மணி நேரம் தலையைக் குனியாதீங்க. படுக்காதீங்க. நெத்தியை அமுக்காதீங்க, தேய்க்காதீங்க. வெயில்ல அலையாதீங்க. மருந்து போட்ட இடத்துலயே நிக்கணும்.

எல்லாத்துக்கும் சரிங்கன்னேன். எனக்கு யாரு எதைச் சொன்னாலும் சரிங்கன்னு சொல்லித்தான் பழக்கம்.

கவிதாவுக்கு அவ மகளை ஸ்கூல்ல இருந்து கூப்பிடப் போகணும். நீயே பஸ் ஏறிக்கோம்மான்னு வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு. வழியில அதே பிள்ளையாரு. உத்தரவு கொடுத்தவருக்கு ஒரு நன்றி சொல்லாம எப்படிப் போறது?

உள்ள போனேன். ரெண்டு கையையும் மாத்தி வச்சு, நெத்தியில மூணு குட்டு குட்டிக்கிட்டேன். அது வழக்கம். அப்புறம் வீட்டுக்காரர்கிட்ட சொன்ன பொய் ஞாபகம் வந்துச்சு. கட்டின புருஷன்கிட்ட பொய் சொல்லிட்டு வந்து நிக்கிறேனேன்னு மனசு கேக்கல. அதுக்காக இன்னும் மூணு. அது கொஞ்சம் பலமாவே விழுந்துச்சு. தோப்புக்கரணம் போட்டேன். கொளுத்துற வெயில்ல பதினோரு சுத்து சுத்தினேன். குருக்கள் விபூதி கொடுத்தாரு, நெத்தி முழுக்க அழுத்தித் தேச்சுக்கிட்டேன். கடைசியா விழுந்து கும்பிட்டேன்.

கருங்கல்லு சில்லுன்னு இருந்துச்சு. நெத்தியை வச்சுக்கிட்டே இருந்தேன். அப்பத்தான் டாக்டர் மடக்கின விரலெல்லாம் ஒண்ணு ஒண்ணா ஞாபகம் வந்துச்சு. குனியாதீங்க. படுக்காதீங்க. அமுக்காதீங்க. தேய்க்காதீங்க. வெயில்ல அலையாதீங்க.

ஒண்ணு விடாம பண்ணியிருந்தேன்.

சரி, விழுந்தது விழுந்தாச்சுன்னு, மிச்சம் இருந்த ஒரு வேண்டுதலையும் சொல்லி முடிச்சுட்டே எழுந்திரிச்சேன்.

நாலாம் நாள் காலையில கண்ணாடி பாத்தா, கோட்டைக் காணோம். பரம்படிச்ச வயல் மாதிரி நெத்தி மட்டமா இருந்துச்சு. கோபப்பட்டுப் பாத்தேன், வரல. மழையில நெல்லு நனையுதுன்னு நெனச்சுப் பாத்தேன். மனசு பதறுச்சு, நெத்தி அசையல. சந்தோஷத்துல பிள்ளையாருக்கு ஒரு தேங்கா வேண்டிக்கிட்டேன்.

ஆறாம் நாள் காலையில இடது கண்ணு இமை இறங்கிடுச்சு.

முழுசா இல்லை. பாதி. கடைக்காரன் மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கி வச்சிருப்பான் பாருங்க, அந்த மாதிரி. தூக்கத்துல இருக்கிறேனா, யாரையாவது மட்டமாப் பாக்கிறேனா, கண்ணடிக்கிறேனான்னு பாக்கிறவங்களுக்குத் தெரியாது. பால்காரர் ரெண்டு நாளா வேற பக்கம் பாத்துக்கிட்டுப் பால் ஊத்தினாரு. அளவு கூட ஒரு கை கூடுதலாவே இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரர் பாத்த உடனே துண்டை உதறித் தோள்ல போட்டாரு. நல்லா இருந்த கண்ணைக் கெடுத்துட்டானுங்க, அந்தக் கண்ணு ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு சொல்லு, போயி நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்னு குதிச்சாரு. நான் போகாத ஆஸ்பத்திரியில இவரு யாரைப் போயி கேக்கிறது? வேண்டாங்க, சொட்டு மருந்து கொடுத்திருக்காங்க, சரியாயிடும்னு கையைப் பிடிச்சு உக்கார வச்சேன். பொய்க்கு மேல பொய்யி. குட்டிக்கவும் பயமா இருந்துச்சு.

கவிதா என்னை டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டு ஓடினா. இது சில பேருக்கு இப்படி ஆகுறதுதான்னு டாக்டர் சொன்னாங்க. சில வாரத்துல தானா ஏறிடும், இப்போதைக்கு ஒரு சொட்டு மருந்துன்னு நெசமாவே எழுதிக் கொடுத்தாங்க. ஒரு பொய்யாவது உண்மையாச்சேன்னு இருந்துச்சு. அன்னிக்கு நெத்தியை அமுக்கினீங்களான்னு கேட்டாங்க. நான் தரையைப் பாத்தேன். அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மான்னாங்க, என் முகத்தைப் பாத்து இரக்கப்பட்டு.

சில வாரம்னு சொன்னாங்க. ஞாயித்துக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்துச்சு.

தேதியைத் தள்ளி வைக்க முடியாது. நான் வராம இருக்கலாம்னா, பையனோட அம்மா இல்லாமப் பொண்ணு பாக்கப் போனா அதுக்கு ஒரு அர்த்தம் பண்ணிக்குவாங்க. சுவரோரமா உக்காந்து இடது பக்கத்தை மறைச்சுக்கிறதுன்னு முடிவு பண்ணினேன். வண்டி பேராவூரணி போய்ச் சேர்ற வரைக்கும் அதைத்தான் ஒத்திகை பாத்தேன்.

தோப்புக்கு நடுவுல வீடு. வாசல்லயே இளநி வெட்டிக் கொடுத்தாங்க. அண்ணாந்து குடிச்சதுல முகத்தை யாரும் சரியாப் பாக்கல. முதல் கண்டம் தாண்டியாச்சுன்னு நெனச்சேன். உள்ள போனா, மாப்பிள்ளையோட அம்மா நடுவுலதான் உக்காரணும்னு பொண்ணோட அப்பா ஒரே பிடியா நின்னு, கூடத்துக்கு நடு நாற்காலியில உக்கார வச்சுட்டாரு. தலைக்கு மேல டியூப்லைட்டு.

தரகர் பேசினாரு, அவங்க பேசினாங்க. நான் அசையாம உக்காந்திருந்தேன். பொண்ணோட அம்மா என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவங்க சிரிப்பை நிறுத்திட்டாங்க. செந்தில் தண்ணி டம்ளரைக் காலி பண்ணின பிறகும் குடிச்சுக்கிட்டே இருந்தான்.

சுகன்யா காபித் தட்டோட வந்துச்சு. முதல்ல என்கிட்டதான் நீட்டுச்சு. நான் டம்ளரை எடுக்கல. என் முகத்தை அந்தப் பொண்ணு பாக்குது, நான் அந்தப் பொண்ணைப் பாக்கிறேன், ஒண்ணரைக் கண்ணால. தட்டை அப்படியே பக்கத்துல இருந்த தரகர் மடியில வச்சுட்டு என் முன்னாடி முட்டிக்கால் போட்டு உக்காந்துடுச்சு.

"அம்மா, என்னைப் பாருங்க. இந்தக் கண்ணு எப்போல இருந்து இப்படி இருக்கு?"

ஆஸ்பத்திரிக் குரல். நான் பதில் சொல்றதுக்குள்ள ரெண்டு கையையும் நீட்டச் சொல்லுச்சு. நீட்டினேன். விரலை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுச்சு. பிடிச்சேன். பல்லு தெரியச் சிரிக்கச் சொல்லுச்சு. நாக்கை நீட்டச் சொல்லுச்சு. பொண்ணு பாக்கப் போன இடத்துல, சம்பந்தி வீட்டுக் கூடத்துக்கு நடுவுல, பட்டுப்புடவை கட்டிக்கிட்டு நாக்கை நீட்டினேன்.

"இப்ப நெத்தியைச் சுருக்குங்க."

அதை நிறுத்தத்தானே இத்தனை பாடு. முடிஞ்ச மட்டும் சுருக்கினேன். ஒண்ணும் நடக்கல.

அந்தப் பொண்ணு அவங்க அப்பா பக்கம் திரும்பி, காரை எடுங்கப்பா, நெத்தி அசையல, ஸ்ட்ரோக்கா இருந்தாலும் இருக்கும், நேரா தஞ்சாவூர் போயிடுவோம்னு சொல்லுச்சு. எங்க வீட்டுக்காரர் துண்டை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுட்டாரு. செந்தில் என் தோளைப் பிடிச்சான். கவிதா கண்ணாலேயே, சொல்லிடவான்னு என்கிட்ட கேட்டா.

ஸ்ட்ரோக்குன்னு இருந்துட்டா மானம் தப்பும். ஆனா நோயாளி மாமியாரைப் பாத்துக்க யாரு பொண்ணு கொடுப்பாங்க? உண்மையைச் சொன்னா, அழகுக்கு ஊசி போட்டுக்கிட்ட மாமியாருக்கு யாரு பொண்ணு கொடுப்பாங்க? எந்தப் பக்கம் போனாலும் செந்தில் கல்யாணம் நிக்கும். பூக்கட்டிப் பாக்கவும் நேரமில்லை. வெளியில கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டுச்சு.

"வேண்டாம்மா. நோயி இல்லை. ஊசி போட்டுக்கிட்டேன்" ன்னு சொல்லிட்டேன்.

என்ன ஊசின்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. சொன்னேன். கன்னத்துப் பள்ளத்தை நிரப்புற ஊசியை விட்டுட்டு இதைப் போட்டேன்னும் சொன்னேன். போட்டு எத்தனை நாளாச்சுன்னு கேட்டுச்சு. சொன்னேன். ஆஸ்பத்திரியில கேக்கிற மாதிரியே ஒண்ணு ஒண்ணா கேக்குது, எனக்கும் எதையும் மறைக்கத் தோணல. போட்ட அன்னிக்கு என்ன பண்ணீங்கன்னு கேட்டுச்சு. கோயிலுக்குப் போனேன், குட்டிக்கிட்டேன், விழுந்து கும்பிட்டேன்னு சொன்னேன்.

"எத்தனை குட்டு?"

"ஆறு. மூணு வழக்கமா போடுறது. மூணு, பொய் சொன்னதுக்கு."

"என்ன பொய்?"

எங்க வீட்டுக்காரர்தான் மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா கேட்டாரு.

"அப்ப… அந்தக் கண்ணு ஆஸ்பத்திரி?"

முந்தின நாள்தான் அந்த ஆஸ்பத்திரியைப் பத்தி டீக்கடையில ஒரு மணி நேரம் பேசிட்டு வந்திருந்தாரு. ரெண்டு பேரு அவங்க ஆபரேஷன் தேதியையே தள்ளிப் போட்டுட்டாங்களாம்.

எதுக்கும்மா இந்த வயசுல ஊசின்னு சுகன்யா கேட்டுச்சு. கேலியா இல்லை, நெசமாவே கேட்டுச்சு. நான் அழுதுட்டேன். முகத்தைப் பாத்துப் பயந்துக்கிட்டு ரெண்டு இடம் வேண்டாம்னு போயிட்டாங்கம்மா, நீ பயந்துடக்கூடாதுன்னுதான் போட்டுக்கிட்டேன்னு சொன்னேன். அழும்போது கூட நெத்தி சுருங்கல. அழுறது மாதிரியே இல்லைன்னு பிறகு கவிதா சொன்னா.

சுகன்யா குனிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. தோளு குலுங்குது. நான் அழவச்சுட்டேனேன்னு பதறிப்போயி முகத்தை நிமித்தினா, அந்தப் பொண்ணு முந்தானையை வாயில வச்சு அமுக்கிக்கிட்டுச் சிரிக்குது. அதைப் பாத்து செந்தில் சிரிச்சான். மடியில காபித் தட்டை வச்சுக்கிட்டு அசைய முடியாம இருந்த தரகரும் சிரிச்சாரு. கார்ல உக்காந்திருந்த பொண்ணோட அப்பாதான் பாவம், யாரும் வரலையேன்னு ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தாரு.

சுகன்யா கண்ணைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சு, ஆறிப்போன காபியை எடுத்து என் கையில கொடுத்துச்சு.

"இனிமே எந்த ஊசி போடுறதா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுப் போடுங்க அத்தை."

வந்ததுல இருந்து அம்மா, அம்மான்னுதான் கூப்பிட்டுச்சு. அத்தைன்னு சொன்னது அப்பத்தான். கூடத்துல எல்லாருக்கும் கேட்டுச்சு. செந்தில் காதுக்கு நல்லாவே கேட்டுச்சு. தரகர் உடனே, நல்ல நேரம் இருக்கு, தட்டு மாத்திக்கலாமான்னாரு. முதல்ல இந்தத் தட்டை யாராவது வாங்குங்கன்னும் சொன்னாரு.

கிளம்புற நேரத்துல பொண்ணோட அம்மா என்னைத் தனியா அடுக்களைக்குக் கூப்பிட்டாங்க. என்னமோ கண்டிஷன் போடப் போறாங்கன்னு நெனச்சேன். அக்கம்பக்கம் பாத்துட்டு, கன்னத்தைத் தொட்டுக் காட்டி, பள்ளத்தை நிரப்புறதுக்கு ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களே, அது வலிக்குமான்னு கேட்டாங்க.

எங்க வீட்டுக்காரர் வண்டியில ஊரு வந்து சேர்ற வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருந்தாரு. வீட்டுக்குள்ள நுழையும்போதுதான் கேட்டாரு, முப்பத்தஞ்சு வருஷமா நான் பாத்துக்கிட்டு இருக்கிறேனே, எனக்குப் பயமா இருந்துச்சுன்னு எப்பவாவது சொன்னேனான்னு. எனக்கு மனசு நெகிழ்ந்து போச்சு. அதுக்கடுத்த வார்த்தையா, இருந்துச்சு, ஆனா சொல்லலையேன்னாரு.

இமை ஒரு மாசத்துல மேல ஏறிடுச்சு. செந்தில் அடுத்த லீவுல வந்தப்போ கல்யாணம். அதுக்குள்ள ஊசி வேலையும் முடிஞ்சு போச்சு. தசை முழிச்சுக்கிச்சு, பதினொண்ணு பழைய இடத்துலயே வந்து நின்னுச்சு. தாலி கட்டுற நேரம் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நின்னேன். போட்டோக்காரரு, அம்மா கொஞ்சம் கோபப்படாம நில்லுங்கன்னாரு.

மணவறையில இருந்தே சுகன்யா சொல்லுச்சு. "அவங்க கோபப்படலண்ணே, வேண்டிக்கிறாங்க. நீங்க எடுங்க."

ஆல்பத்துல அந்தப் படம்தான் பெருசா இருக்கு. பாத்தவங்க எல்லாரும் மருமகளைப் பாத்து ஐயோ பாவம்னுட்டுப் போறாங்க.

பூக்கட்டிப் பாக்கிறதை நான் குறை சொல்ல மாட்டேன். அது எங்களை இதுவரைக்கும் கைவிட்டதில்லை. எதுவும் போடாமலும் இருக்கலாம்னு டாக்டர் சொன்னாங்களே, அதுக்கு ஒரு பொட்டலம் கட்டணும்னு எங்களுக்குத்தான் தோணல.